42 நாளோடு முடிந்துபோகும் கணக்கு: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலாளர்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

நகல்:
நகர்நல அலுவலர்,
பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பேறுகால இறப்பைக் குறைப்பதில் தமிழ்நாடு அடைந்திருக்கும் நிலை எளிதில் வந்ததன்று. 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு நாடு முழுவதும் 97 தாய்மார் இறந்தபோது, இங்கே இறந்தோர் 54 பேர். மாநிலத்தில் நிகழும் பேறுகளில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிக் கொடுத்து, இரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதி, தேதி தவறினால் வீட்டுக்கே தேடிப் போகும் செவிலியர்கள்தாம் இந்த எண்ணை இறக்கியவர்கள். வடசென்னையில் மனநல மருத்துவராகப் பணியாற்றும் நான், அவர்கள் கையில் இன்னும் ஒரு வேலையைக் கொடுக்கச் சொல்லியே இம்மடலை எழுதுகிறேன். ஆகையால் அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கோரிக்கை இதுதான். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாயிடம், அவளுடைய மனநிலை குறித்து வரையறுக்கப்பட்ட சில கேள்விகளைச் செவிலியர் கேட்டு விடையைப் பதிய வேண்டும். இது பேறு முடிந்த ஓராண்டு வரை தொடர வேண்டும். உதவி தேவைப்படும் தாயைச் சிகிச்சைக்குக் கொண்டுசேர்க்கும் பாதை ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் எழுத்தில் வகுக்கப்பட்டிருக்க வேண்டும். என்னிடம் வரும் தாய்மார் கொண்டுவரும் தாய் சேய் நல அட்டைகளைப் புரட்டிப் பார்க்கிறேன். எடை, ஹீமோகுளோபின், சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கின்றன. அவள் தூங்குகிறாளா, காரணமின்றி அழுகிறாளா, உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்தாளா என்பதற்கான விடை மட்டும் அந்த அட்டைகளில் இருப்பதில்லை.

உடம்பு துறையின் பொறுப்பு, மனத்தைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பிரிவினை வேறு எவருக்குப் பொருந்தினாலும் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பொருந்தாது. கருவுற்ற காலம் முழுவதும் அவளுடைய குருதியில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும் ஏறிக்கொண்டே போகின்றன. கடைசி மாதங்களில் ஈஸ்ட்ரோஜனின் அளவு, கருவுறுவதற்கு முன் இருந்ததைப்போல நூறு மடங்கு வரை உயர்வதுண்டு. இவற்றைப் பெருமளவில் சுரப்பது நஞ்சுக்கொடி. அது வெளியே வந்த சில நாள்களுக்குள் இரண்டு ஹார்மோன்களும் பழைய அளவுக்கு அருகே விழுந்துவிடுகின்றன. இவ்வளவு பெரிய சரிவை இவ்வளவு விரைவில் உடல் சந்திக்கும் வேறொரு தருணத்தைச் சொல்வது கடினம். இந்தச் சரிவு கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. புரோஜெஸ்டிரானிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் மூளைக்குள் சென்று, காபா என்னும் வேதிப்பொருளுக்கான ஏற்பிகளின் மீது செயல்பட்டு, நரம்பணுக்களின் கொந்தளிப்பைத் தணிக்கிறது. மாதக்கணக்காக அந்தத் தணிப்புக்குப் பழகிவிட்ட மூளை, திடீரென அது இல்லாமல் இயங்கத் தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த வழிமுறையை நம்பியே புதிய மருந்துகளும் வந்தன. அதே பொருளை 60 மணி நேரம் நரம்பு வழியாகச் செலுத்தும் பிரெக்சனோலோனுக்கு 2019இலும், அதே வகையில் வேலை செய்யும் 14 நாள் மாத்திரையான சுரானோலோனுக்கு 2023இலும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. விலையுயர்ந்த அந்த மருந்துகளை வாங்கித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு மூளையின் வேதியியலில் வேர்கொண்டது என்பதற்கான சான்றாகவே அவற்றைக் குறிப்பிடுகிறேன்.

ஆனால், ஹார்மோன் சரிவு எல்லாத் தாய்மாருக்கும் நிகழும்போது ஏன் சிலர் மட்டும் நோயுறுகிறார்கள்? இதற்கு விடை தேடிய ஓர் அமெரிக்க ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. கருவுற்றிராத 16 பெண்களுக்கு ஹார்மோன்களைக் கொடுத்துக் கர்ப்ப கால அளவுக்கு உயர்த்தி, பின்னர் அவர்கள் அறியாமலே அதை நிறுத்தினார்கள். முன்பு பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு மீண்டும் மனநிலை குலைந்தது. அந்த வரலாறு இல்லாத 8 பேரில் ஒருவருக்கும் குலையவில்லை. அளவு எல்லாருக்கும் ஒன்றே. அதற்கு மூளை காட்டும் கூருணர்வுதான் வேறு. சிறிய ஆய்வுதான் என்றாலும், என் கோரிக்கையின் அச்சாணி இதில் இருக்கிறது. குருதியில் எந்த ஹார்மோனை அளந்தாலும் எந்தத் தாய் நோயுறுவாள் என்பது தெரிந்துவிடாது என்றால், ஆய்வகத்தால் செய்ய முடியாத அந்த வேலையைச் செய்ய நம்மிடம் உள்ள ஒரே கருவி, அவளைக் கேட்பது.

மன அழுத்தத்தின் ஹார்மோனாகிய கார்ட்டிசோலின் கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ், அதன் கீழுள்ள பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியாக நின்று கார்ட்டிசோலைக் கட்டுப்படுத்துகின்றன. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி தானும் இந்தச் சங்கிலியைத் தூண்டுவதால், கடைசி மூன்று மாதங்களில் கார்ட்டிசோல் இரண்டு மூன்று மடங்கு உயர்ந்து நிற்கிறது. பேற்றுக்குப் பின் அந்தத் தூண்டுதல் ஒரே நாளில் நின்றுவிட, சங்கிலி மீண்டும் தன் தாளத்துக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகின்றன. அப்படிச் சீர்குலைந்து நிற்கும் அமைப்பின் மீதுதான், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கலையும் தூக்கமும், கடன்காரர் வருகையும், வீட்டுச் சண்டையும் வந்து விழுகின்றன. நீண்ட காலம் ஓயாமல் சுரக்கும் கார்ட்டிசோல், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் நரம்பணுக் கிளைகளைச் சுருங்கச் செய்வதையும், அச்சத்தை எழுப்பும் அமிக்டலாவை மேலும் விழிப்பாக்குவதையும், நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளை முன்பகுதியின் பிடியைத் தளர்த்துவதையும் விலங்காய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. அழுத்தம் விலகும்போது இம்மாற்றங்களில் பெரும்பகுதி மீளக்கூடியது என்பதையும் அதே ஆய்வுகள்தாம் காட்டின. ஆறு மாதம் தள்ளிப்போடுவதற்கும் ஆறாம் வாரத்தில் கண்டுகொள்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

பால் சுரப்பையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து வெளிப்படும் ஆக்சிடோசின் பாலை வெளித்தள்ளுகிறது. தாயின் பதற்றத்தையும் தணிக்கிறது. கடும் மன உளைச்சலில் இந்த ஆக்சிடோசின் வெளிப்பாடு தடைப்படுகிறது. பால் இறங்கவில்லை என்று குழந்தை அழ, 'இவளுக்குப் பாலே இல்லை' என்று வீட்டார் சொல்ல, அவள் மேலும் பதற, பால் மேலும் தாமதிக்கிறது. எத்தனையோ வீடுகளில் புட்டிப்பால் நுழைவது இந்த வழியாகத்தான். தாய்ப்பால் வாரத்துக்குச் சுவரொட்டி ஒட்டும் துறை, தாயின் மனநிலையைக் கேட்பதையும் அந்த வேலையின் பகுதியாகக் கருதலாம்.

இனி, இந்த அறிவியல் சென்னையில் நாள்காட்டியோடு எப்படி மோதுகிறது என்று பாருங்கள். ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி இயல்பான பேறு என்றால் மூன்று நாள், அறுவைச் சிகிச்சை என்றால் ஏழு நாள் வரை தாய்க்கு மருத்துவமனையில் இலவச உணவும் பராமரிப்பும் உண்டு. பிறகு தாய் சேய் நல ஊர்தியில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். பேற்றுக்குப் பிறகான அழுகையும் எரிச்சலும் தலைகாட்டுவது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அதாவது, ஹார்மோன்கள் அடிமட்டத்தைத் தொடும் நேரத்தில் அவள் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தற்காலிகக் கலக்கம் பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு வருவதுதான். இரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். இதற்கு மருந்து தேவையில்லை, தூக்கமும் துணையும் போதும். இரண்டு வாரம் கடந்தும் அடங்காவிட்டால் அது வேறு. அந்த எல்லைக்கோட்டை வீட்டில் எவருக்கும் சொல்லி அனுப்புவதில்லை என்பதே என் ஆதங்கம்.

இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வெளியான கட்டுரை, பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு 22 விழுக்காட்டுத் தாய்மாரிடம் இருப்பதாகக் கணித்தது. ஐந்தில் ஒருவர். தமிழ்நாட்டுக் கிராமப் பகுதி ஒன்றில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, இதற்கு வழிகோலும் சூழல்களையும் பெயர் சொல்லிக் காட்டியது. குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த இடத்தில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு கசந்திருப்பது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு உதவி இல்லாமை ஆகியவையே அவை. இவற்றில் ஒன்றும் சென்னைக்கு அந்நியமானதன்று. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களில், தாய்வீடும் பழைய அண்டை வீடுகளும் நகரின் மறுகோடியில் இருக்க, ஒற்றை அறை அடுக்குமாடி வீட்டில் பச்சைக் குழந்தையோடு பகல் முழுவதும் தனித்திருக்கும் பெண்ணுக்குக் கைவேலை உதவி என்பது ஏட்டில் உள்ள சொல்தான். வீட்டுவேலைக்குச் செல்பவளுக்கு மகப்பேறு விடுப்பு என்று எதுவும் கிடையாது. ராஜீவ் காந்தி சாலையின் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் திரும்பிச் சென்றபின் தன் இருக்கை இருக்குமா என்ற கவலையில் அவள் தூக்கத்தைத் தொலைக்கிறாள். வருமானம் உள்ள வீட்டில் இந்நோய் வராது என்று எண்ணிவிட வேண்டாம்.

என்னிடம் வருவோர் 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, குழந்தை அழுதால் கோபம் வருகிறது, எதைச் செய்தாலும் மறந்துபோகிறது என்பார்கள். அதற்குள் இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, ஒரு ஸ்கேன் எல்லாம் முடிந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற சீட்டும் கையில் இருக்கும். பெரும்பாலும் குழந்தைக்கு ஏழு எட்டு மாதம் ஆகியிருக்கும். அதுவரை அவளோடு துறையின் பணியாளர்கள் பலர் பேசியிருப்பார்கள். வீட்டார் அவளைச் சோம்பேறி என்றும், பிள்ளை மேல் பாசம் இல்லாதவள் என்றும் முடிவுகட்டியிருப்பார்கள். பாசம் இல்லை என்ற குற்றச்சாட்டுதான் அவளை மற்ற எதையும்விட ஆழமாக அறுக்கிறது. ஏனென்றால் தனக்கும் அந்த ஐயம் இருக்கிறது என்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

இந்த நேரத்தில் உடல் சார்ந்த இரண்டு காரணங்களைத் தவறாமல் விலக்கிப் பார்க்க வேண்டும். பேற்றுக்குப் பின் ஏறத்தாழ இருபதில் ஒரு தாய்க்குத் தைராய்டு சுரப்பி அழற்சியுற்று, முதலில் மிகையாகவும் பின்னர் குறைவாகவும் சுரக்கிறது. அந்தக் குறைவு மனச்சோர்வைப் போலவே தோன்றும். நம் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் உள்ள இரத்தசோகையும் களைப்பைக் கூட்டும். கேள்விகளுக்கான விடை ஐயத்தைத் தந்தால் தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச், ஹீமோகுளோபின் இரண்டையும் அன்றே பார்த்துவிடச் சொல்லும் ஒரு வரி நெறிமுறையில் இருந்தால் போதும்.

கேள்விகளைப் புதிதாக உருவாக்க வேண்டிய தேவை இல்லை. ஸ்காட்லாந்தில் உருவாகி 1987இல் வெளியான எடின்பரோ வினாப்பட்டியலில் பத்தே கேள்விகள் உள்ளன. கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி உங்களையே குறைகூறிக்கொண்டீர்களா, தூக்கமில்லாத அளவுக்குத் துயரமா என்று அவை செல்கின்றன. மொத்த மதிப்பெண் 30. அதன் தமிழ் வடிவத்தின் நம்பகத்தன்மை வேலூரில் சோதிக்கப்பட்டு 2005இல் வெளிவந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று செவிலியர் அஞ்சுவது இயல்பு. அப்படி நேர்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேட்கப்பட்டபோது பெரும்பாலான பெண்கள் ஆறுதலே அடைகிறார்கள் என்பது என் அனுபவமும்கூட.

எப்போது கேட்பது என்பதில்தான் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பிறந்த குழந்தையைப் பார்க்க வீடு தேடிச் செல்லும் திட்டத்தின் வருகைகள் 42ஆம் நாளோடு முடிகின்றன. அதன்பின் தாய் சுகாதார நிலையத்துக்கு வருவது புதன்கிழமைகளில், குழந்தையின் தடுப்பூசிக்காக: ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களிலும், பிறகு ஒன்பதாம் மாதத்திலும். ஆனால் தலைப்பிள்ளை என்றால் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறவள், விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ பிள்ளை பெற்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் சென்னையில் உள்ள கணவர் வீட்டுக்குத் திரும்புகிறாள். அம்மாவின் கையால் பத்தியச் சோறு உண்டு, குழந்தையை யாரோ குளிப்பாட்டித் தூங்கவைத்த காலம் முடிந்து, முழுப் பொறுப்பும் அவள் மேல் விழும் அந்த வாரங்களை நான் மிகவும் அஞ்சுகிறேன். தாய்வீட்டு ஓய்வு, அன்பான வீடாக இருந்தால், நம் முன்னோர் கண்டுவைத்த அருமையான பாதுகாப்பு. அது விலகும் நாளை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை. ஆகவே கேள்விகளை ஆறாம் வாரத்தில் ஒருமுறை கேட்டு முடித்துவிடக் கூடாது. பதினான்காம் வாரத்திலும், ஒன்பதாம் மாதத்திலும், இடையில் ஊர் மாறி வந்தால் வந்த முதல் புதன்கிழமையிலும் கேட்க வேண்டும். தாய் சேய் நலப் பதிவெண் மாவட்டம் மாறினாலும் அவளோடே வருகிறது. அந்தப் பதிவில் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டத்தைச் சேர்த்தால் விழுப்புரத்துச் செவிலியர் கண்டதை வியாசர்பாடிச் செவிலியர் காண முடியும்.

கண்டுபிடித்தபின் அனுப்ப மனநல மருத்துவர் எங்கே என்ற கேள்வி எழும் என்பதை அறிவேன். சிகிச்சைக்கு வழி இல்லாமல் கேட்டு மட்டும் வைப்பது, கேட்காமல் விடுவதைவிடக் கொடியது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் எல்லாருக்கும் மனநல மருத்துவர் தேவையில்லை. பாகிஸ்தானின் கிராமங்களில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குக் குறுகிய பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற தாய்மாரிடம் வீட்டுக்குச் சென்று வரையறுத்த முறையில் பேசச் செய்த ஆய்வு 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அப்படிப் பேசப்பட்ட தாய்மாரில் 23 விழுக்காட்டினர்தாம் இன்னும் மனச்சோர்வில் இருந்தனர். வழக்கமான வருகைகளை மட்டும் பெற்றவர்களில் அது 53 விழுக்காடு. அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் பின்னர் கையேடாகவே வெளியிட்டது. நம்மிடம் நகர்ப்புற சுகாதாரச் செவிலியர்கள் இருக்கிறார்கள்; 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோகும் பழக்கத்தை உருவாக்கியிருக்கிறது; மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது; 14416 என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் பேச ஆள் இருக்கிறது. இவை ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே இயங்குவதுதான் குறை. மாத்திரை தேவைப்படுவோருக்கும், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலப்பதால், பால் கொடுத்துக்கொண்டே சிகிச்சை பெற இயலும். 'மாத்திரை எடுத்தால் பாலை நிறுத்த வேண்டும்' என்ற அறிவுரையை மருத்துவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைத் திருத்த ஒரு சுற்றறிக்கை போதும்.

செவிலியரின் பணிச்சுமை உண்மையானது. அவர் ஏற்கெனவே நிரப்பும் பதிவேடுகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் யாரும் படிக்காதவற்றை நீக்கிவிட்டு இதைச் சேருங்கள் என்றே கேட்கிறேன்.

மிகச் சிலருக்கு வரும் பேற்றுக்குப் பிந்தைய மனப்பிறழ்வு இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது. ஆயிரம் பேறுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு. ஆண்டுக்குப் பத்தாயிரம் பேறுகள் நிகழும் மருத்துவமனை என்றால் பத்து முதல் இருபது தாய்மார். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், குழந்தை தூங்கும்போதுகூடத் தான் தூங்க முடியாமல் தொடங்கி, பேச்சு தடம்புரண்டு, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றோ அதற்குத் தீங்கு வரப்போகிறது என்றோ நம்பும் அளவுக்கு ஒன்றிரண்டு நாளிலேயே முற்றிவிடும். குடும்பங்கள் இதை ஜன்னி என்றும் காற்றுக் கருப்பு என்றும் எண்ணிக் கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துச் செல்வதை நான் பழிக்க மாட்டேன். இது மருத்துவ அவசரம், இரத்தப்போக்குக்கு ஓடுவதைப்போல ஓடி வர வேண்டியது என்று வீடு திரும்பும் நாளில் நாம் அவர்களுக்குச் சொல்லியனுப்பாதபோது, அவர்கள் தெரிந்த கதவைத்தான் தட்டுவார்கள். உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றால் இந்நோயிலிருந்து முழுமையாக மீள்வோர் பலர்.

அவர்களை எங்கே சேர்ப்பது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 21ஆம் பிரிவு, சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கும் சிகிச்சைப் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. 1794இல் தோன்றிய மனநலக் காப்பகத்தின் மரபைக் கொண்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், 1844 முதல் மகப்பேறு பார்க்கும் எழும்பூர் மருத்துவமனையும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில் உள்ள நகரம் இது. இவ்விரண்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும், போதிய படுக்கைகள் கொண்ட தாய் சேய் மனநலப் பிரிவு சென்னைக்கு வேண்டும். இரவில் வரும் தாயை எந்த வாயிலில் ஏற்பது என்ற ஐயம் எந்தக் காவலருக்கும் இல்லாதபடி அது அறிவிக்கப்பட வேண்டும்.

கணக்குக்கு வருகிறேன். பேறுகால இறப்பு என்று துறை எண்ணுவது, கர்ப்ப காலத்திலும், அது முடிந்து 42 நாள்களுக்குள்ளும் நிகழ்வதை. இந்த வரையறை உலக அளவிலானது. அதை மாற்ற நான் கேட்கவில்லை. ஆனால் அதே உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, கர்ப்ப காலத்திலும் பேற்றுக்குப் பின்னும் நிகழும் தற்கொலையை மகப்பேற்றின் நேரடி இறப்புகளோடு, அதாவது மகப்பேற்றாலேயே விளைந்த இறப்புகளோடு, சேர்த்து வகைப்படுத்தியது. ஒவ்வொரு தாயின் இறப்பையும் ஓராண்டு வரை ஆராயும் பிரிட்டனில், ஆறு வாரம் முதல் ஓராண்டு வரையிலான நேரடி இறப்புகளுக்குத் தற்கொலையே முதன்மைக் காரணம் என்பது தொடர்ந்து வெளிப்பட்டிருக்கிறது. தேடியதால் கண்டார்கள். இங்கே, திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கிறது, வரதட்சணைக் கொடுமை இருந்ததா என்று கேட்கப்படுகிறது, கேட்கப்பட வேண்டியதுதான். அந்தக் கோப்பில் கடைசிக் குழந்தைக்கு எத்தனை மாதம் என்ற ஒரு வரியைச் சேர்த்து, ஓராண்டுக்குள் என்றால் அதன் நகல் மகப்பேறு இறப்புத் தணிக்கைக் குழுவுக்கும் செல்லுமாறு வருவாய்த் துறையோடு பேசி ஆணையிட முடியும். ஓராண்டு என்பது அரசுக்குப் புதிய எல்லையும் அன்று. தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு அளிக்கும் அரசு, ஒரு தாய் தேறி வர எவ்வளவு காலமாகும் என்பதைத் தானே ஒப்புக்கொண்டிருக்கிறது.

தனியார் மருத்துவமனைகளும் இதற்குள் வர வேண்டும். பேறு முடிந்து கட்டணச் சீட்டோடு கொடுக்கப்படும் வழிகாட்டுத் தாளில், குழந்தையின் அடுத்த ஊசித் தேதிக்குக் கீழே 14416 என்ற எண்ணையும், இரண்டு வாரம் என்ற எல்லையையும் அச்சிடச் சொல்வதற்குத் துறைக்கு அதிகாரம் உண்டு. குழந்தையின் தந்தைக்கும் அந்தத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது நல்லது.

தொடக்கமாக, தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய மூன்று மண்டலங்களின் சுகாதார நிலையங்களில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். எத்தனை தாய்மாரிடம் கேட்கப்பட்டது, எத்தனை பேர் அனுப்பப்பட்டனர், அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தனர் என்ற மூன்று எண்களை மாதந்தோறும் வெளியிடுங்கள்; மூன்றாவது எண்தான் முக்கியம். ஆணையில் ஒரு நிபந்தனையை மறவாமல் சேர்க்க வேண்டுகிறேன்: மாமியாரோ கணவரோ அம்மாவோ அருகில் இல்லாத இடத்தில் கேள்விகள் கேட்கப்பட வேண்டும். குழந்தையை எடை பார்க்கத் தூக்கிச் செல்லும் அந்த நேரமே அதற்குப் போதும். ஊசி போடும் அறையில் ஒரு தடுப்புத் திரை இருந்தால் இன்னும் நல்லது. செவிலியர் பயிற்சிக்குப் பாடம் எடுக்க நான் அணியமாக இருக்கிறேன்; இதற்கு ஊதியம் எதுவும் வேண்டியதில்லை. புதன்கிழமை அவர்களுக்கு ஓயாத வேலை என்பதால், அந்த ஒரு நாளைத் தவிர வேறு எந்த நாளில் அழைத்தாலும் வருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மனநல மருத்துவர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.